ஓடாத பிராணி

படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, காலை வைத்தால் கிழித்துவிடுமே, அந்தச் சிறு ஓட்டுப் பிராணிக்குப் பெயர் பார்னக்கிள். அதை உட்கார்ந்து பார்த்தே பெரிய விஞ்ஞானியானவர் ஜோசப் கானெல்.

1923-ல் அமெரிக்காவில் பிறந்தவர். முதலில் முயல்களை ஆராய்ந்தார். பொறி வைத்தும் போதுமான முயல்கள் சிக்கவில்லை. இனி ஓடாத பிராணிதான் வேண்டும் என்று ஸ்காட்லாந்துக் கடற்கரைக்குப் போனார்.

அங்கே பாறையின் மேல்பக்கம் சிறிய வகை, கீழ்ப்பக்கம் பெரிய வகை. சிறியதன் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டும், ஆனால் நிலைக்காது. சுற்றியிருந்த பெரியவற்றைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். சிறியவை பிழைத்துக்கொண்டன! இடம் ஒத்துக்கொள்ளாமல் அல்ல, பலசாலி நெருக்கித்தான் அவை மேலே ஒதுங்கியிருந்தன. 1961-ல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் மாணவர்களுக்குப் பாடம்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டுகளிலும் குயின்ஸ்லாந்து மழைக்காட்டிலும் அதே வேலை. சகாக்களுடன் காட்டு மரங்களையும் கன்றுகளையும் 1963 முதல் பல பத்தாண்டுகள் கணக்கெடுத்தார். புயல், தீ போன்றவை அடிக்கடி வந்தால் சில இனங்களே தப்பும். வராமலே இருந்தால் பலசாலிகளே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அளவோடு வந்தால்தான் பலவும் பிழைக்கும் என்று 1978-ல் எழுதினார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்று மறுத்தவர்களும் உண்டு.

2020-ல் மறைந்தார். முயல் சிக்காததை அவர் தோல்வியாக எடுத்துக்கொண்டிருந்தால், இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா?