குறுவட்டின் உள்வளையம் சொல்லும் வரலாறு: பிளாக்பர்ன் ஆலை

குறுவட்டின் அட்டையில் இசை நிறுவனத்தின் பெயரும் பட்டியல் எண்ணும் இருக்கும். அதை உருவாக்கிய ஆலையை அறிய, வட்டின் அடிப்புறத்தைச் சாய்த்து, மையத்துளையைச் சூழ்ந்த உள்வளையத்தைப் படிக்க வேண்டும். அச்சிற்றெழுத்துகள் வரலாற்றுச் சான்றாக விளங்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை தக்க எடுத்துக்காட்டு.

முதல் வணிகக் குறுவட்டு 1982 ஆகஸ்டு 17 அன்று ஜெர்மனியில், ஹானோவர் அருகிலுள்ள லாங்கன்ஹாகனில் இருந்த பாலிகிராம் ஆலையில் வெளிவந்தது. பிளாக்பர்னிலோ பிலிப்ஸ் குழுமத்தின் மல்லார்டு நிறுவனம் வானொலி வால்வுகளைச் செய்துவந்தது. பின்னர் அங்கே லேசர் காணொளித் தட்டுகளும், அதன்பின் குறுவட்டுகளும் உருவாயின. பிலிப்ஸும் டுபாண்டும் கூட்டாக நிறுவிய பிடிஓவின்கீழ் ஹானோவர், பிளாக்பர்ன், அமெரிக்காவின் கிங்ஸ் மவுண்டன் ஆலைகள் இயங்கின.

1988 முதல் 1993 வரை பிளாக்பர்னில் உருவான வட்டுகளுள் பல, காலப்போக்கில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமேறின. மேற்பூச்சாக இட்ட அரக்கு, அட்டைத்தாளிலிருந்த கந்தகத்தைத் தாங்கவில்லை. உள்ளிருந்த உலோகப் படலம் அரிக்கப்பட்டது. ஹைபீரியன் போன்ற நிறுவனங்களின் செவ்வியல் இசைப் பதிவுகளும் இதற்குத் தப்பவில்லை. ஆலை பழுதை ஏற்று, வட்டுகளை மாற்றிக் கொடுத்தது.

இவற்றை இனங்காண, உள்வளையத்தில் ‘மேட் இன் யு.கே. பை பிடிஓ’ என்ற வாசகம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பிடிஓ என்ற பெயர் மட்டும் போதாது. ஹானோவர் வட்டுகளிலும் அப்பெயர் உண்டு. நாட்டின் பெயரே வேறுபாட்டைக் காட்டும். 1994இல் ஐஎஃப்பிஐ அமைப்பின் மூலக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. அதில் ‘எல்’ எனத் தொடங்கும் குறி மூலத்தகடு உருவான இடத்தையும், மற்றொன்று வார்ப்பச்சையும் சுட்டும். மூலத்தகடு ஓரிடத்திலும் வார்ப்பு வேறிடத்திலும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அட்டையிலுள்ள ஆண்டு பதிப்புரிமை ஆண்டே; வட்டு வார்க்கப்பட்ட ஆண்டாக அதைக் கொள்ளலாகாது.

நூலக அட்டவணைகள் பட்டியல் எண்ணோடு நின்றுவிடுகின்றன. ஒரே எண்ணுடைய இரு படிகள் இருவேறு ஆலைகளில் பிறந்திருக்கலாம். ஒன்று நிலைக்க, மற்றொன்று அழியலாம். எனவே ஒலி ஆவணக் காப்பகங்களில் பணிபுரியும் ஆய்வு மாணவர்கள் உள்வளைய வாசகத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். எந்த வட்டை முதலில் படியெடுத்துக் காக்க வேண்டும் என்பதை அவ்வொரு வரியே உணர்த்தும்.