கடிப்பு

போயா நாள் மாலையில் தெஹிவளையில் விகாரைப் பக்கம் நடந்தால் ஹேவிசி கேட்கும். தவுல, தம்மெட்டம, ஹொரணாவ மூன்றும் சேர்ந்த வாத்தியக் கூட்டம் அது. வெள்ளவத்தைக் கோயில்களின் மேளத்துக்குப் பழகிய காதுக்கு இந்தப் பெயர்களே பாதி தமிழாகத்தான் படும். தவுல நம் தவிலுக்கு உறவு: ஒரு பக்கம் கை, மறுபக்கம் கோல். தம்மெட்டம சாட்சாத் தம்பட்டந்தான். 'ம்ப' தேய்ந்து 'ம்ம' ஆனது. நாங்களோ அந்தச் சொல்லைப் பெருமையடிப்பவனிடம் கொடுத்துவிட்டோம். சிங்களத்தில் அது இன்றும் புத்தருக்குச் செய்யும் ஒலிப் பூசை.

என்னை நிறுத்தியது வாத்தியம் அல்ல, குச்சி. இடுப்போடு கட்டிய இரட்டைப் பறையான தம்மெட்டமவை அடிக்க இரண்டு பிரம்புகள்; ஒவ்வொன்றின் நுனியும் வளையமாகச் சுருட்டிக் கட்டியது. தோலைத் தொடுவது அந்த வளையம். அதற்குப் பெயர் 'கடிப்புவ'.

கடிப்பு! சங்கப் பாட்டில் முரசு வரும் இடத்தில் வருகிற சொல்; நாலடியாரிலும் உண்டு. அரும்பதவுரை 'குறுந்தடி' என்று முடித்துவிடும். படிக்கும்போது செத்துப்போன சொல் என்றே நினைத்திருந்தேன்.

இப்படிப் பறையடிப்போர் போகும் பழைய ஊர்வலத்தைக் கண்ணால் பார்க்க விகாரைச் சுவர்களுக்குத்தான் போக வேண்டும். கண்டிக்கு அருகே தெகல்தொருவையில், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேயும் கூட்டாளிகளும் புத்தரின் முற்பிறப்புக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்தைத் தீட்டினார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த ஓவியங்களைப் பேசுகிறார். சிவப்புத் தரை, வரிவரியாக ஓடும் கதை, பக்கவாட்டு முகங்கள், வெற்றிடம் கண்டால் ஒரு பூ. தூரத்தில் நிற்பவன் சிறியவனாவதில்லை. யானை, கொடி, பறையடிப்போர் எல்லாம் ஒரே தளத்தில் ஊர்வலம் போகும். மேற்கத்தியக் கண்ணுக்கு இது கைதேறாத ஓவியம். எனக்கோ ஒன்றையும் மறைக்காத நேர்மை. தெஹிவளை கரகம்பிட்டிய சுபோதாராமயச் சுவர்களிலும் ஜாதகக் கதைகள் உண்டு. கண்டி மரபு கரையோரம் இறங்கி வந்த வடிவம்.

குச்சிக்குத் திரும்புவோம். அடுத்த கோயில் திருவிழாவில் தவில்காரரிடம் கையிலிருப்பதைக் காட்டிப் பேர் கேட்டுப் பாருங்கள். 'குச்சி' என்பார். கொஞ்ச தூரத்தில், சிங்களம் பேசுகிறவர் கையில், கடிப்பு தோலைத் தட்டிக்கொண்டிருக்கிறது.