நூலகப் பணியாளரின் நடத்தையும் ரங்கநாதனும்

இன்று தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி 1937 வரை ஜார்ஜ் டவுனில் இயங்கியது. அங்கே கணிதம் பயின்று, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றவர் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன் (1892–1972). இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் இவருக்குத் தொடக்கத்தில் நூலக வேலை பிடிக்கவில்லை.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஊதியம் கூடுதல். ஆனால் வகுப்பறையின் கலகலப்பு இல்லை, செய்வதற்கு வேலையும் அதிகமில்லை. சில நாள்களிலேயே பழைய பணிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெறுவது, அதன் பிறகும் மனம் ஒட்டாவிட்டால் கல்லூரிக்கே திரும்புவது என்று ஏற்பாடாயிற்று. லண்டனில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்று, பல நூலகங்களின் நடைமுறையை நேரில் பார்த்து 1925இல் திரும்பியவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். வேலையில் அக்கறையின்மை போலத் தெரிந்தது உண்மையில் வேலையின் பயன் புரியாத சலிப்பே.

அக்காலத்தில் நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகரின் கடமை எனக் கருதப்பட்டது. நூல் தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அஞ்சும் பணியாளர், மாணவரைச் சந்தேகத்துடன் பார்ப்பதில் வியப்பில்லை. வாசகர் தாமே எடுத்துப் பார்க்கும் திறந்த அலமாரி முறையை ரங்கநாதன் கொண்டுவந்தார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. அவர் பல்லாண்டுகள் விடுப்பே எடுக்கவில்லை. திருமண நாளன்றும் பணிக்கு வந்தார் என்பர். போற்றலாம், ஆனால் மற்றப் பணியாளரிடம் எதிர்பார்க்கக் கூடியதன்று.

ஊதியத்தின் பங்கை அவர் மறக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அவர் தலைமையில் அமைத்த நூலகக் குழு, நூலகப் பணியாளருக்கு ஆசிரியருக்கு இணையான ஊதிய விகிதத்தைப் பரிந்துரைத்தது. ஆசிரியர் அறையில் இடமில்லாதவராக நடத்தப்படும் நூலகர், மாணவருக்கு வழிகாட்டத் தயங்குவது இயல்பே.

நூல் இழப்பு பற்றிய அச்சத்துக்கு மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் ஓரளவு விடை தருகின்றன. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் படிக்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 வரை தொலைவது, நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவரை, ஏற்கத்தக்கது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை உண்டு. இவை மத்திய அரசு அமைப்புகளுக்கான விதிகள். தென்சென்னைப் புறநகரின் தனியார் கல்லூரிகளில், தொலைந்த நூலுக்கு யார் பொறுப்பு என்பதை அந்தந்த நிர்வாகமே முடிவு செய்கிறது.