நன்னாரியின் ஆள்மாறாட்டம்

திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி மதுபாட்டில் மலையேற முடியாது. சோம்பு மணக்கும் இத்தாலியின் கறுப்பு சம்புக்கா மதுவுக்கும் அதே கதிதான். ஆனால் கறுப்பாக, தித்திப்பாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இன்னொரு பானம் திருப்பதியில் தாராளமாகக் கிடைக்கிறது. டம்ளரில் கொஞ்சம் நன்னாரிப் பாகு, அரை மூடி எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, மேலே பொங்கப் பொங்க சோடா. நாம் அறிந்த நன்னாரி சர்பத்தான். அதன் பூர்வீகக் கதை முழுக்க ஆள்மாறாட்டம்.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை சிபிலிஸ் நோய் ஆட்டிப்படைத்தது. அதற்கு மருந்து என்று சொல்லி ஸ்பானிய வணிகர்கள் மெக்சிகோ, ஹோண்டுராஸ் காடுகளிலிருந்து சார்சப்பரில்லா என்ற முள்கொடியின் வேரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். செவில் நகர மருத்துவர் நிக்கோலஸ் மொனார்டெஸ் அதைப் பற்றி எழுதினார். நோய் குணமாகவில்லை, வியாபாரம் மட்டும் அமோகமாக நடந்தது.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சரக்குக்கு மலிவான மாற்று கிடைத்தால் யார் விடுவார்கள்? நம் வைத்தியர்கள் ரத்தசுத்திக்குக் கொடுத்துவந்த நன்னாரி வேர்மீது ஆங்கிலேய மருத்துவர்களின் கண் விழுந்தது. 1837இல் அதன் வாசனைப் பொருளை ஆராய்ந்த வேதியியலாளர் ஒருவர், நன்னாரி வேரை வேறொரு முள்கொடியின் வேர் என்று நம்பி, அந்தக் கொடியின் பெயரையே பொருளுக்குச் சூட்டிவிட்டார். உண்மையில் நன்னாரி எருக்குக்கு உறவு. சார்சப்பரில்லாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் 1864இல் வெளியான பிரிட்டிஷ் மருந்து நூலில் நன்னாரிக்கு இடம் கிடைத்தது. ‘இந்திய சார்சப்பரில்லா’ என்ற பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்குள் அசல் சார்சப்பரில்லா மருந்துக்கடையிலிருந்து குளிர்பானக் கடைக்குக் குடிபெயர்ந்திருந்தது. பிலடெல்பியாவின் சார்லஸ் ஹயர்ஸ் வேர்களைக் கொண்டு செய்த ‘ரூட் பீர்’, 1876 கண்காட்சியில் பெயர் வாங்கியது. மதுவைத் தொடாதவர்களின் பானம் என்றே அதை விற்றார். இங்கிலாந்தின் லங்காஷயரில் மதுவிலக்குக்காரர்கள் நடத்திய ‘பார்’களிலும் கறுப்பு சார்சப்பரில்லாதான் ஓடியது. லண்டனில் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலிகுண்டு பாட்டிலோ நம்மூர் கோலி சோடாவாகி, நன்னாரிக்கு ஜோடி சேர்ந்தது.

ஆள்மாறாட்டம் அதோடு முடியவில்லை. ராயலசீமாவில் நன்னாரி என்ற பெயரில் விற்கும் பாகு பல இடங்களில் மாகாளிக்கிழங்கிலிருந்து வருகிறது. ஆம், தமிழ்நாட்டில் மோரில் ஊறுகாய் போடுகிறோமே, அதேதான். நன்னாரி வேர் மெல்லியது, கரும்பழுப்பு. மாகாளி பருத்துச் சதைப்பற்றோடு இருக்கும். கண்ணுக்குப் பிடிபடும் இந்த வித்தியாசம் மூக்குக்குப் பிடிபடாது. இரண்டுக்கும் மணம் தருவது ஒரே மூலக்கூறு. அணுக்களின் எண்ணிக்கையில் அது வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின்தான். அடுக்குமுறை மட்டும் வேறு.

இப்போது பெருநகர பார்களில் ஜின்னோடும் ரம்மோடும் நன்னாரி கலக்கிறார்கள். மதுவுக்கு மாற்றாக நின்ற பானம் மதுவுக்கே வாசனை சேர்க்கிறது. புது வேஷத்துக்கும் கிராக்கி ஏறினால் பாடு மாகாளிக்குத்தான். சேஷாசலம் காடுகளில் யானாதிப் பழங்குடி மக்கள் தோண்டிவரும் அந்தக் கொடி ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கிறது. இலையைப் பறித்தால் துளிர்க்கும். கிழங்கை அடியோடு அகழ்ந்தால் கொடியே போச்சு. காட்டுக் கிழங்கை வயலில் பயிராக்காமல் இந்த வியாபாரம் நெடுநாள் ஓடாது.