கொல்கத்தா கால்பந்தில் உதவிப் பயிற்சியாளர்

கொல்கத்தாவின் பெரிய கால்பந்து கிளப்புகளில் தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் உதவிப் பயிற்சியாளர். பயிற்சியை முன்னின்று நடத்துவது, எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காத பையனிடம் பேசித் தேற்றுவது எல்லாம் அவர் வேலை. வங்காளி ஆட்டக்காரர்கள் உள்ளூர்ப் பயிற்சியாளரின் பெயரோடு ‘தா’ சேர்த்து அழைப்பார்கள். அண்ணன் என்று பொருள். தலைமைப் பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். இந்த அண்ணன்தான் பல நேரம் அணியைக் கட்டிக் காப்பவர்.

இந்தப் பதவியிலிருந்து மேலே போகும் வழி நேரான படிக்கட்டு அல்ல. பெரும்பாலும் தலைவர் விலகும் அன்றுதான் உதவியாளருக்கு உயர்வு வருகிறது. யாரிடம் தொழில் கற்றாரோ, அவர் வெளியேறிய அதே வாசல் வழியாக உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பின்னணி

மோகன் பகான் 1889இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இலும், ஈஸ்ட் பெங்கால் 1920இலும் தொடங்கப்பட்டவை. கல்கத்தா கால்பந்து லீக் 1898 முதல் நடக்கிறது. இவ்வளவு பழைய மரபில் உதவிப் பயிற்சியாளர் என்ற தனித்தொழில் மிகப் பிந்தியே வேரூன்றியது. பி.கே. பானர்ஜி, அமல் தத்தா ஆகியோரின் காலத்தில் பயிற்சியாளர் என்றால் ஒரே மனிதர்தான். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அவர்கள் பார்க்க வந்தது பானர்ஜிக்கும் தத்தாவுக்கும் நடந்த போட்டியையும்தான். மோகன் பகானில் தத்தா வகுத்த ‘டயமண்ட்’ ஆட்ட அமைப்பை பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என உடைத்தது. பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். அன்று இரு பெஞ்சுகளிலும் உதவிக்கு இருந்தவர்களைப் பற்றி ஊர் பேசவில்லை.

நிலைமையை மாற்றியது உரிமச் சான்றிதழ். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’, ‘புரோ’ என்று ஏறும் படிகளில் லீக் கேட்கும் உரிமம் இல்லாதவர், எவ்வளவு பெரிய பெயர் பெற்றவராக இருந்தாலும், முதல்நிலை லீகில் தலைமைப் பயிற்சியாளராகப் பதிவு பெற முடியாது என்றானது. ஈஸ்ட் பெங்காலுக்கு 2003இல் ஆசியான் கிளப் கோப்பையை வென்று தந்த சுபாஷ் பௌமிக்கையே இந்த விதி தடுத்தது. 2012-13 பருவத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணி, அப்போதைய தேசிய லீகான ஐ-லீகை வென்றபோது பௌமிக் தொழில்நுட்ப இயக்குநர். ‘ஏ’ உரிமம் வைத்திருந்த மரியானோ டயஸ்தான் ஏட்டில் தலைமைப் பயிற்சியாளர். விதி கடுமையானதுதான். ஆனால் பெயரில்லாத இளம் பயிற்சியாளர்கள் படித்து முன்னேறக் கதவைத் திறந்ததும் அதே விதிதான்.

சங்கர்லால் சக்ரவர்த்தி

இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒருவரிடமே பார்க்க வேண்டுமானால் அது சங்கர்லால் சக்ரவர்த்தியிடம்தான். ஈஸ்ட் பெங்காலின் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் ‘டெர்பி’ ஒன்றில் மோகன் பகானின் சிமா ஒகோரியுடன் மோதியதில் கால் முறிந்தது. வளர்ந்துவந்த ஆட்ட வாழ்க்கை அதோடு குலைந்தது. பின்னாளில் அதே மோகன் பகானில் தலைமைப் பயிற்சியாளர் சஞ்சய் சென்னின் உதவியாளராக அமர்ந்தார்.

அந்த அமர்வின் உச்சம் 2015 மே 31. பெங்களூரு கண்டீரவா அரங்கில் ஐ-லீகின் கடைசி ஆட்டம். தோற்றால் கோப்பை பெங்களூரு எஃப்சிக்கு. டிரா போதும் மோகன் பகானுக்கு. ஜான் ஜான்சன் கோல் அடித்து பெங்களூருவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். மழையில் நனைந்த திடலில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. 87ஆவது நிமிடத்தில் சோனி நோர்டே அனுப்பிய கார்னரை, முன்னேறி வந்திருந்த தடுப்பாட்டக்காரர் பெல்லோ ரசாக் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். 1-1. 39 புள்ளிகளோடு, 13 ஆண்டுகளுக்குப் பின் தேசிய லீக் பட்டம் கொல்கத்தாவின் பச்சை-மெரூன் கொடிக்கு வந்தது. அடுத்த ஆண்டு குவஹாத்தியில் ஐசால் அணியை 5-0 என வீழ்த்தி ஃபெடரேஷன் கோப்பையையும் வென்றார்கள். புகழ் சென்னுக்குப் போனது. அது நியாயமும்கூட.

2018 ஜனவரி 2 அன்று கொல்கத்தாவுக்கு வந்த சென்னை சிட்டி எஃப்சி, மோகன் பகானை 2-1 என வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்றுக்கு அது பெருமைக்குரிய வெற்றி. அந்தத் தோல்வியோடு சஞ்சய் சென் பதவி விலகினார். மூன்றாண்டு கூடவே உட்கார்ந்திருந்த சங்கர்லாலிடம் பொறுப்பு வந்தது. வாழ்த்து வாங்கக்கூடிய நிலையில் அவர் இருந்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

மூன்று வாரத்துக்குள் டெர்பி. ஜனவரி 21 அன்று டிபாண்டா டிக்காவின் இரண்டு கோல்களால் மோகன் பகான் 2-0 என வென்றது. அந்தப் பருவத்தை மூன்றாவது இடத்தில் முடித்து, சூப்பர் கோப்பையின் அரையிறுதிவரை சென்று, பெங்களூருவிடம் 2-4 எனத் தோற்றது. செப்டம்பரில் கல்கத்தா லீக் பட்டம். 2010 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால் கையில் இருந்த பட்டம் அது. வெளியூர் ரசிகருக்கு உள்ளூர் லீக் சின்ன விஷயமாகப் படலாம். எட்டு ஆண்டுகள் பக்கத்துத் தெருக்காரன் கேலியைக் கேட்டவனுக்கு அது சின்ன விஷயமே அல்ல.

பட்டம் வென்ற நான்காவது மாதத்தில் எல்லாம் முடிந்தது. டிசம்பர் டெர்பியில் 2-3 என்ற தோல்வி. 2019 ஜனவரியில் ரியல் காஷ்மீரிடம் சொந்த ஊரில் 1-2 என்ற தோல்வி. தன் குரு போலவே ஒரு ஜனவரி மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ அதே மாதிரியான தோல்விக்குப் பிறகு சங்கர்லாலும் விலகினார். அவர் இடத்துக்கு காலித் ஜமீல் வந்தார். பவானிபூர், டெல்லியின் சுதேவா என்று சில அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, சங்கர்லால் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணியான பஞ்சாப் எஃப்சியில் மீண்டும் உதவியாளர் ஆனார். இதைச் சறுக்கல் என்று எழுதுபவர்கள் உண்டு. வெளிநாட்டுத் தலைவர் மாறும்போதும் அவரை அங்கே தொடரவைத்தது அவருடைய தொழிலறிவு என்று எடுத்துக்கொள்வதே சரி.

அந்த டிசம்பர் டெர்பியில் எதிர் பெஞ்சில் அலெஹாண்ட்ரோ மெனண்டஸின் உதவியாளராக இருந்தவர் ஸ்பெயின்காரர் மாரியோ ரிவேரா. 2020 ஜனவரியில் அவரே ஈஸ்ட் பெங்காலின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 2022 ஜனவரியில் மறுபடியும்.

தலைமையிலிருந்து உதவிக்கு

சஞ்சய் சென் எதிர்த்திசையில் நடந்தவர். ஐ-லீக் வென்ற தலைமைப் பயிற்சியாளர், கொல்கத்தாவின் ஐஎஸ்எல் அணியான ஏடிகேயில் அன்டோனியோ லோபஸ் ஹபாஸின் உதவியாளர் குழுவில் சேர்ந்தார். 2020 மார்ச் 14 அன்று கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத கோவா அரங்கில் ஏடிகே சென்னையின் எஃப்சியை 3-1 என வென்று ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தது. பின்னர் வங்காள மாநில அணியின் பொறுப்பேற்று, 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளாவை 1-0 என வீழ்த்தி, வங்காளத்துக்கு 33ஆவது சந்தோஷ் கோப்பையைத் தந்தார். இஞ்சுரி டைமில் கோல் அடித்தவர் ரோபி ஹன்ஸ்டா.

இடைக்காலப் பொறுப்பு

ஐஎஸ்எல் வந்தபின் தலைமைப் பயிற்சியாளர் வெளிநாட்டவராகவும் உதவியாளர் இந்தியராகவும் இருப்பது வழக்கமானது. தலைவர் நீக்கப்பட்டால் புதியவர் விமானமேறி வரும்வரை அணியைப் பார்த்துக்கொள்வது இந்திய உதவியாளர். ரெனெடி சிங் 2021-22 பருவத்தில், மனோலோ டியாஸ் போனபின் தடுமாறிக் கிடந்த ஈஸ்ட் பெங்காலை ஏற்று, பெங்களூருவோடும் மும்பை சிட்டியோடும் டிரா எடுத்தார். காயத்தால் சிதறிப்போன அணியை வைத்து எடுத்த அந்தப் புள்ளிகளுக்கு அவருக்குக் கிடைத்தது சில வாரங்கள் மட்டுமே. பிறகு ரிவேரா வந்துவிட்டார். ஒரு பருவம் முழுவதையும் நம்பிக் கொடுக்காமல் மூன்று ஆட்டங்களை மட்டும் கொடுத்து ஒருவரை எடை போடுவது அநியாயம்.

தமிழ்நாட்டிலும் இதே கதை. சென்னையின் எஃப்சியில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த சையத் சபீர் பாஷாவிடம், 2022 பிப்ரவரியில் போசிடார் பந்தோவிச் நீக்கப்பட்டபின், பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் மட்டும் ஒப்படைக்கப்பட்டன. இந்திய உதவியாளர்களுக்கு நிரந்தரப் பதவியின் கதவைத் தள்ளித் திறந்தவர் காலித் ஜமீல். மோகன் பகானை விட்டபின் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் உதவியாளராகி, 2021இல் இடைக்காலப் பொறுப்பேற்று அணியை பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு ஐஎஸ்எல் அணி ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவரிடம் வந்தது.

கிளிஃபர்ட் மிராண்டாவின் பாதையும் கொல்கத்தா வழியே போனது. ஒடிசாவின் இடைக்காலப் பயிற்சியாளராக 2023 ஏப்ரலில் சூப்பர் கோப்பை வென்றவர், அடுத்து மோகன் பகானில் ஹுவான் ஃபெராண்டோவின் உதவியாளராகச் சேர்ந்தார். 2024 ஜனவரியில் ஃபெராண்டோ போனதும் சூப்பர் கோப்பையில் அணியை நடத்தினார். டெர்பியில் 1-3 எனத் தோற்றார். 2025இல் சென்னையின் எஃப்சி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது.

பட்டறை

உதவியாளர் தன் பெயரில் அணி நடத்தும் இடம் இன்று கல்கத்தா லீக். பெரிய கிளப்புகள் இதில் இளம் ஆட்டக்காரர்களையும் ரிசர்வ் அணியையும் இறக்குகின்றன. 2014, 2016 ஐஎஸ்எல் கோப்பைகளை வென்ற ஏடிகேயின் உதவியாளராக இருந்த பாஸ்தவ் ராய், மோகன் பகானின் லீக் அணியைப் பார்த்துக்கொண்டார். 2025 ஏப்ரல் சூப்பர் கோப்பைக்கு மோகன் பகான் இளைஞர்களையே பெரிதும் அனுப்பியபோது பெஞ்சில் இருந்தவரும் அவர்தான். அந்தப் பையன்கள் கேரளா பிளாஸ்டர்ஸை 2-1 என வென்றார்கள்.

ஈஸ்ட் பெங்காலில் இந்த வேலை கேரளத்தைச் சேர்ந்த பினோ ஜார்ஜிடம் வந்தது. 2022 மே 2 அன்று மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில், அவர் பயிற்சியளித்த கேரளா பெனால்டியில் வங்காளத்தை வீழ்த்தியது. தங்கள் மாநிலத்தைத் தோற்கடித்தவரை அந்த ஆண்டே ஈஸ்ட் பெங்கால் உதவியாளராக அழைத்துக்கொண்டது; திறமையை எங்கிருந்தாலும் அடையாளம் கண்ட செயல் அது. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், கார்லெஸ் குவாட்ரட், ஆஸ்கர் புருசோன் என்று மூன்று தலைவர்கள் மாறினார்கள்; பினோ இருந்தார். 2024 செப்டம்பர் இறுதியில் குவாட்ரட் விலகியபோது சில நாட்கள் முதல் அணியும் அவர் பொறுப்பில் இருந்தது. 2025 செப்டம்பரில் யுனைடெட் ஸ்போர்ட்ஸ் அணியை 2-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலின் இளைஞர்கள் அவர் கீழ் மீண்டும் கல்கத்தா லீக் பட்டத்தை எடுத்தார்கள்.