வார்டின் கண்ணாடிப் பெட்டி

கிழக்கு லண்டனில் கப்பல்துறைகளை ஒட்டிய வெல்குளோஸ் சதுக்கத்தில் மருத்துவராக இருந்த நதானியல் பாக்ஷா வார்டு (1791–1868), வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, அவற்றின் இடுக்குகளில் பெரணிகளையும் பாசிகளையும் வளர்க்க முயன்று, நிலக்கரிப் புகையில் அவை கருகுவதைக் கண்டு அம்முயற்சியைக் கைவிட்டிருந்தார். பூவும் விதையும் இன்றி நுண்வித்துகளால் பெருகும் பெரணி, ஈரமும் தூய காற்றும் இல்லாத இடத்தில் தங்காது. 1829இல் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்துப் பூச்சி வெளிவரக் காத்திருந்தபோது, அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. படிப்பறைச் சன்னலுக்கு வெளியே வைக்கப்பட்ட அக்குப்பியில் அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீர் ஊற்றப்படாமலே வாழ்ந்து, மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்த பின்னரே மடிந்தன.

இக்குப்பியை முன்மாதிரியாகக் கொண்டு வார்டு அமைத்த மூடிய கண்ணாடிப் பெட்டியில், பகல் வெப்பத்தில் மண்ணும் இலைகளும் வெளிவிடும் நீராவி, கண்ணாடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே வழிகிறது. ஒளி தடையின்றி நுழைய, கரித்தூள் வெளியிலேயே நின்றுவிடுகிறது. பெட்டி முற்றிலும் காற்றுப்புகாதது என்று பலர் கருதினாலும், இடுக்குகள் வழியே காற்று மெல்லப் போய்வருகிறது என்பதை வார்டே வலியுறுத்தினார்.

1833இல் பெரணிகளும் புல்வகைகளும் நிரப்பிய இரண்டு பெட்டிகளைக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி அவர் சிட்னிக்கு அனுப்ப, மாதக்கணக்கில் நீடித்த பயணத்திற்குப் பின் செடிகள் உயிருடன் சேர்ந்தன. திரும்புகையில் ஆஸ்திரேலியச் செடிகள் ஹார்ன் முனையின் கடுங்குளிரையும் வெப்பமண்டலத்தின் சூட்டையும் தாங்கி லண்டனை அடைந்தன. கடல்வழி வந்த செடிகளில் இருபதுக்குப் பத்தொன்பதை இழந்துவந்த ஹாக்னியின் லாடிஜஸ் நாற்றுப்பண்ணை, அதன்பின் அதே விகிதத்தில் பிழைக்கக் கண்டது.

வரலாற்று நூல்கள் இக்கடற்பயணங்களை விரித்துரைத்து, பெட்டியின் அலங்காரப் பயனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பொருத்தமன்று; அதைப் படைத்தவரே அதை அழகுப்பொருளாகவும் கருதினார் என்பதற்கு அவரது இல்லத்தில் மாடிப்படிச் சன்னலுக்கு வெளியே அமைந்த கண்ணாடி அறை சான்று. சுமார் எட்டு அடிச் சதுரமான அவ்வறையின் நடுவில், வேல்ஸ் நாட்டின் டின்டர்ன் மடாலயத்து மேற்குச் சாளரத்தின் சிறு வடிவம் கல்லால் எழுப்பப்பட்டு, சுற்றிலும் பெரணிகள் படரவிடப்பட்டிருந்தன. 1842இல் வார்டின் நூல் வெளியாகி, 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான உள்நாட்டு வரியை நீக்கியபின், வரவேற்பறைக்கென அணிவேலைப்பாடுடைய பெரணிப் பெட்டிகள் பெருகின. அவ்வேட்கைக்கு எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் பெரணிப் பித்து என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பெயர் நகைப்புக்குரியதாகத் தோன்றினும் விளைவு அவ்வாறன்று: அருவியோரப் பாறை நிழலில் வளரும் கில்லார்னி பெரணி, சேகரிப்போரின் பேராசையால் பல இடங்களில் அடியோடு மறைந்தது.

பிரிட்டிஷ் பேரரசின் தோட்டப்பயிர்களும் இப்பெட்டிகளிலேயே இடம்பெயர்ந்தன. தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1848 முதல் 1851 வரை சீனாவிலிருந்து தேயிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைப் பட்டையில் கொண்ட சின்கோனாவின் முதல் நாற்றுகள் செங்கடல் வெப்பத்தில் நலிந்து பயனற்றுப் போக, அடுத்து 1861இல் உதகமண்டலத்தை அடைந்தவை அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவரின் பராமரிப்பில் பெருகின. 1876இல் கியூ தாவரவியல் தோட்டம் ரப்பர் நாற்றுகள் 1,919ஐ 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பியது. மறு ஆண்டு சிங்கப்பூருக்குச் சென்ற சில நாற்றுகளின் வழிவந்த மரங்களில், மலாயாவின் தோட்டங்களில் பால்வெட்டியோருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள்.

செடியுடன் மண்ணும் பயணித்ததால் பூச்சிகளும் பூஞ்சைகளும் உடன்வந்தன. தொற்றுத்தடைச் சட்டங்கள் இறுகி, பாலித்தீன் பைகளும் வானூர்திகளும் வந்தபின், 1960களின் தொடக்கத்தில் கியூ இப்பெட்டிகளைக் கைவிட்டது. வீடுகளிலோ, அமிலம் நிரப்பப் பயன்பட்ட கார்பாய் எனும் பெருங்குப்பிகள் அதே காலத்தில் குப்பித் தோட்டங்களாயின. குறுகிய கழுத்தின் வழியே கை நுழையாததால், நீண்ட குச்சியில் கட்டிய கரண்டியாலும் முள்கரண்டியாலும் அவற்றில் செடி நட்டனர்.