வெண்புள்ளி நோய்

வெண்புள்ளி நோய் (விட்டிலிகோ) என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அழிவதால் உடலின் சில இடங்கள் பால் வெள்ளையாக மாறும் நோய். உலக மக்களில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது உண்டு. ஆண், பெண் இருபாலாரையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கிறது. ஏறக்குறைய பாதிப்பேரிடம் 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இது தொற்றாது, உயிருக்கு ஊறு செய்யாது. தொழுநோயோடு இதற்கு எந்த உறவும் இல்லை. ஆயினும் நெடுங்காலம் தொழுநோயின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டதால், அந்நோய் மீதிருந்த அச்சமும் ஒதுக்கலும் வெண்புள்ளி உடையவர்கள் மீதும் விழுந்தன. நோய் தரும் துன்பத்தைவிட இந்தத் தவறான எண்ணம் தந்த துன்பமே பெரிது.

வெண்குட்டம், வெண்குஷ்டம், வெண்படை ஆகியவை தமிழில் இதற்கு வழங்கிய பெயர்கள். முதலிரண்டும் தொழுநோயை நினைவூட்டுவதால், அவற்றைத் தவிர்த்து வெண்புள்ளிகள் என்றே குறிக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

அறிகுறிகளும் வகைகளும்

கண்ணையும் வாயையும் சுற்றிய பகுதி, விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், பாதம் ஆகிய இடங்களில் புள்ளிகள் முதலில் தோன்றுவது வழக்கம். அடிபட்ட இடத்திலும், பாவாடை நாடாவோ செருப்பு வாரோ தொடர்ந்து உரசும் இடத்திலும் புதிய புள்ளி வரலாம். புள்ளியில் உள்ள முடியும் சில வேளை நரைக்கும். தொழுநோயின் தேமல் மங்கலாக இருக்கும், அதில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெண்புள்ளி சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கும், தொடு உணர்ச்சி முழுமையாக இருக்கும். ஐயம் எழுந்தால் உட்ஸ் விளக்கின் புறஊதா ஒளியில் பார்ப்பர். நிறமி இழந்த இடம் நீல வெண்மையாகப் பளிச்சிடும்.

2011இல் பிரான்சின் போர்தோ நகரில் கூடிய வல்லுநர்கள் இந்நோயை இரு பெரும் வகைகளாகப் பிரித்தனர். உடலின் இருபுறமும் வருவது பொதுவகை. ஒரு பக்கத்தில், ஒரு பகுதியில் மட்டும் வருவது பகுதிவகை. பகுதிவகை இளவயதில் தொடங்கி, ஓரிரு ஆண்டுகள் விரைந்து பரவி, பின் பெரும்பாலும் நின்றுவிடும். பொதுவகை ஓய்ந்தும் கிளர்ந்தும் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும்.

பண்டைய குறிப்புகள்

ஏறத்தாழ கி.மு. 1550இல் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏட்டில் தோலின் நிறம் மாறும் நோய்கள் பேசப்படுகின்றன. அதர்வ வேதத்தில் கிலாசம் என்ற வெள்ளைத் தழும்பைப் போக்கக் கருநிற மூலிகையை வேண்டும் மந்திரங்கள் உள்ளன. ஆயுர்வேத நூல்கள் சுவித்ரம் என்ற பெயரில் இதைத் தனியே விளக்குகின்றன. விவிலியத்தின் லேவியராகமம் தோலில் தோன்றும் பலவகை வெள்ளைத் தழும்புகளை ஒரே பெயரில் அடக்குகிறது. அப்பெயர் பிற்கால மொழிபெயர்ப்புகளில் குஷ்டம் என்றே ஆனது. நிறம் மட்டும் மாறியவரும் தொழுநோயாளராகக் கருதப்பட்டதற்கு இது ஒரு பெருங்காரணம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், பாரசீகர்கள் தொழுநோயோ வெண்மை நோயோ உடையவரை ஊருக்குள் விடுவதில்லை என்றும், அவர் சூரியனுக்கு எதிராகக் குற்றம் செய்தவர் என நம்பினர் என்றும் எழுதுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தம் மருத்துவ நூலில் விட்டிலிகோ என்ற சொல்லைக் கையாண்டார். அன்று அது வேறு சில தோல் நோய்களையும் சேர்த்தே குறித்தது.

விதையும் வெயிலும்

சூரியன் தந்த தண்டனை என்று ஒருசாரார் நம்பிய நோய்க்குச் சூரிய ஒளியையே மருந்தாக்கியவர்கள் பழங்கால இந்தியரும் எகிப்தியரும். இவ்விரு நாட்டாரும் இரு வேறு செடிகளைக் கொண்டு ஒரே மருத்துவத்தைக் கண்டனர். இந்தியாவில் வடமொழியில் பாகுசி என்றும் தமிழில் கார்போகரிசி என்றும் வழங்கும் விதையை அரைத்துப் பூசி, வெயிலில் இருக்கச் சொன்னார்கள். இது இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சித்த மருத்துவர்கள் தோல் நோய்களுக்குப் பயன்படுத்துகின்றனர். நைல் ஆற்றங்கரையில் களையாக வளரும் ஆமி மஜுஸ் என்ற செடியின் விதை எகிப்தில் இதற்கு ஆனது. ஸ்பெயினின் மலாகாவில் பிறந்த 13ஆம் நூற்றாண்டு மூலிகை அறிஞர் இபின் அல்-பைத்தார், வட ஆப்பிரிக்க பெர்பர் மக்கள் இந்த விதையை உண்ணக் கொடுத்து நோயாளியை வெயிலில் நிற்க வைத்ததைத் தம் நூலில் விவரித்தார். வெயில் பட்ட இடத்தில் கொப்புளம் எழுந்து ஆறி, பின் நிறம் திரும்பும்.

இரு விதைகளிலும் இருப்பது சோராலென் என்னும் வேதிப்பொருள் குடும்பம். அதற்குத் தனியே பயன் இல்லை. புறஊதா ஒளி படும்போது தோல் செல்களின் டி.என்.ஏ.வோடு அது பிணைகிறது. முடிவேர்களில் எஞ்சியிருக்கும் நிறமிச் செல்கள் இதனால் பெருகி, வெளுத்த இடத்துக்கு நகர்ந்து வருகின்றன. நிறம் திரும்பும்போது முதலில் முடிக்கால்களைச் சுற்றிச் சிறு கரும்புள்ளிகளாகத் தோன்றுவது இதனாலேயே. முடியில்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் பலன் குறைவதற்கும் இதுவே காரணம்.

1947இல் எகிப்தின் வேதியியலாளர் ஃபாமி ஆமி மஜுஸ் விதையின் மருந்துப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே கெய்ரோவின் தோல் மருத்துவர் அப்துல் மோனெம் எல் மொஃப்தி, அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். நவீன ஒளி மருத்துவம் இங்கே தொடங்குகிறது. 1970களில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் ஆகியோர் சூரியனுக்குப் பதில் புறஊதா-ஏ விளக்குகளைப் பயன்படுத்தினர். பூவா எனப் பெயர்பெற்ற இம்முறை முதலில் சொரியாசிஸுக்கும் பின்னர் வெண்புள்ளிக்கும் வந்தது. குமட்டலும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்தே இருக்க வேண்டிய கட்டாயமும் இதன் குறைகள்.

1997இல் ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹாஃப் குழுவினர், மாத்திரை எதுவுமின்றி 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய புறஊதா-பி ஒளியே போதும் என்று காட்டினர். குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் கொடுக்கத்தக்கது என்பதால் இம்முறை பூவாவின் இடத்தைப் பிடித்தது. பழைய முறைப்படி கார்போகரிசியை மருத்துவர் துணையின்றித் தாமே பூசி வெயிலில் நிற்போருக்குக் கடுமையான தீப்புண் ஏற்படும் ஆபத்து உண்டு.

இந்திய மருத்துவர்களின் பங்கு இத்துறையில் பெரிது. டெல்லியின் பெல் 1960களிலேயே மெல்லிய தோல் ஒட்டுகளைக் கொண்டு அறுவை மருத்துவம் செய்தார். டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பாஸ்ரிச்சா, வேகமாகப் பரவும் நோயைத் தடுக்க, ஸ்டீராய்டு மாத்திரையை வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் கொடுக்கும் முறையை வகுத்தார். பக்கவிளைவு குறைவான இம்முறை நாடெங்கும் வழக்கத்துக்கு வந்தது.

காரணம்

நரம்பு முனைகள் சுரக்கும் பொருளே நிறமிச் செல்களை அழிக்கிறது என்று தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர் 1959இல் கருதினார். செல்லுக்குள் உருவாகும் நச்சுப் பொருள்களைச் சிலர் காரணம் காட்டினர். இன்று இது தன்னுடல் தாக்குநோய் என்பது உறுதியாகிவிட்டது. உடலைக் காக்க வேண்டிய சிடி8 டி செல்கள், நிறமிச் செல்களை அயலான் என்று தவறாகக் கருதிக் கொல்கின்றன. இச்செல்கள் விடுக்கும் இன்டர்ஃபெரான் காமா, சுற்றிலுமுள்ள தோல் செல்களை சிஎக்ஸ்சிஎல்10 என்ற புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. அப்புரதம் மேலும் டி செல்களை அழைத்து வருகிறது. 2014இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாரிஸ் குழுவினர் எலிகளில் இச்சங்கிலியை விளக்கினர். நோய் அடங்கிய பின்னும் சில டி செல்கள் அதே இடத்தில் தங்கிவிடுகின்றன. ஒளி மருத்துவத்தை நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பழைய இடத்திலேயே வெண்மை திரும்புவது இதனால்தான்.

பரம்பரைக்கும் இடம் உண்டு. மரபியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரிட்ஸ் குழுவினரின் ஆய்வுகள் ஏறக்குறைய 50 மரபணு இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தின. ஆனால் ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 23 விழுக்காடு மட்டுமே. தைராய்டு கோளாறு, முதல்வகை நீரிழிவு, புழுவெட்டு ஆகியவை வெண்புள்ளி உடையவரிடம் கூடுதலாகக் காணப்படுவதால் தைராய்டு சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இவர்களிடம் மற்றவரைவிடக் குறைவு.

சில வேதிப்பொருள்களும் நிறத்தை அழிக்கும். 1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன. கையுறையில் இருந்த மோனோபென்சோன் அதற்குக் காரணம். ஜப்பானில் ரோடோடெனால் கலந்த முகப்பூச்சுகளால் பல்லாயிரம் பெண்களின் தோல் வெளுத்து, 2013இல் அவை திரும்பப் பெறப்பட்டன. நம் ஊரில் ஸ்டிக்கர் பொட்டின் பசையும் ரப்பர் செருப்பும் இத்தகைய வெண்மையை உண்டாக்குகின்றன. உடனே நிறுத்தினால் பலருக்கு நிறம் மீளும். மீனும் பாலும் சேர்த்து உண்பதாலோ புளிப்பு உண்பதாலோ இந்நோய் வராது.

நோயாளிகள் மீதான தாக்கம்

வலியும் அரிப்பும் இல்லாத நோய் என்பதால், மருத்துவ ஆய்வு நெடுங்காலம் இந்நோயாளிகளின் மனத்தைக் கேட்கவே இல்லை. 1970களின் இறுதியில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜூடித் போர்ட்டர், பிறர் தம்மை உற்றுப் பார்ப்பதும் தகாத கேள்விகள் கேட்பதும் வெண்புள்ளி உடையவரின் தன்மதிப்பை எவ்வாறு குலைக்கின்றன என்று ஆராய்ந்தார். 1994இல் கார்டிஃபில் உருவான தோல்நோய் வாழ்க்கைத்தர அளவுகோல் இத்துன்பத்துக்கு எண் மதிப்பு தந்தது. சண்டிகர் மருத்துவர்கள் அதைக் கொண்டு ஆராய்ந்தபோது, வாழ்க்கைத்தரம் மிகவும் குலைந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலனும் குறைவாகவே இருப்பது தெரிந்தது.

மாநிறத்திலும் கறுத்த தோலிலும் வெண்மை எடுப்பாகத் தெரிவதால் இந்தியாவில் பாதிப்பு கடுமை. அதிலும் பெண்களுக்குக் கடுமை. கணுக்காலில் ஒரு புள்ளி இருந்தாலும் வரன் தட்டிப்போகிறது. அக்காளுக்கு இருப்பதால் தங்கையின் திருமணமும் தடைப்படுகிறது. பள்ளியில் பக்கத்தில் உட்கார மறுப்பது, கடையில் கையிலிருந்து காசு வாங்கத் தயங்குவது, உணவு பரிமாற விடாமல் தடுப்பது எனத் தீண்டாமையின் பல வடிவங்களை இவர்கள் சந்திக்கின்றனர். இவற்றுக்கு மருத்துவத்தில் எள்ளளவும் நியாயம் இல்லை. வெளிநாட்டு வினாத்தாள்கள் இவற்றைக் கேட்பதில்லை என்பதால், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 22 வினாக்கள் கொண்ட தனி அளவுகோலை உருவாக்கி 2014இல் வெளியிட்டனர்.

சிகிச்சை வென்றதா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியும் அண்மையில் மாறியுள்ளது. இங்கிலாந்தில் 517 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஹை-லைட் ஆய்வு, புள்ளி முன்போல் கண்ணில் படுகிறதா என்று நோயாளியையே கேட்டு முடிவெடுத்தது. ஸ்டீராய்டு களிம்பு மட்டும் பூசியவரில் 17 விழுக்காட்டினரும், வீட்டில் புறஊதாக் கைவிளக்கு ஒளி மட்டும் பெற்றவரில் 22 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றவரில் 27 விழுக்காட்டினரும் பலன் உண்டு என்றனர். எண்கள் சிறியவை, ஆனால் அவை நோயாளிகள் தாமே சொன்னவை.

தற்போதைய நிலை

நோய் ஓராண்டுக்கு மேல் பரவாமல் நின்றவர்களுக்கு, சொந்தத் தோலிலிருந்து பிரித்த நிறமிச் செல்களை வெளுத்த இடத்தில் பதிக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. உடலின் பெரும்பகுதி வெளுத்தவர்களுக்கு எஞ்சிய நிறத்தை மோனோபென்சோன் களிம்பால் நீக்குவதும் உண்டு. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இமயமலை மூலிகைகளிலிருந்து உருவாக்கிய லூக்கோஸ்கின் விற்பனையில் உள்ளது. இன்டர்ஃபெரான் சங்கிலியைத் தடுக்கும் ருக்ஸோலிட்டினிப் களிம்பு 2022 ஜூலையில் அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அனுமதி பெற்றது. நிறம் மீட்கவென்று அங்கு அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து இதுவே. 24 வாரங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு முகத்தின் வெண்மை முக்கால் பங்கு குறைந்தது. ஜூன் 25 உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது; 1993இல் தமக்கு இந்நோய் உள்ளதை உலகறியச் சொன்ன பாடகர் மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாள் அது.